பெற்றோரை இழந்த பிள்ளைகள் உறவுக் குடும்பத்திலேயே வளரவும் படிக்கவும்: வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டில் தாயோ தகப்பனோ, இருவருமோ இல்லாமல் போனதும் ஊரில் எழும் முதல் கேள்வி, "நல்ல ஹோம் எங்கேயாவது இருக்கா?" என்பதுதான். ஆயாவோ பெரியம்மாவோ பிள்ளையை வைத்துக்கொள்ள மனதாகவே இருப்பார்கள். கையில் காசு இல்லை, அவ்வளவுதான். காசில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் குடும்பத்தை விட்டுப் பிரிக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குடும்பத்துக்குப் பணம் வரவும், பிள்ளையின் படிப்பு அறுபடாமல் இருக்கவும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அந்தந்த வரிசையில் கீழே தந்திருக்கிறோம். உறவினர், ஆசிரியர், ஊர்த் தன்னார்வலர் என யார் முன்னின்று செய்தாலும் வரிசை ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஃபைல், ஒரு நோட்டு, பொறுப்பேற்கும் ஒரே ஆள். நாலு பேர் ஆளுக்கொரு அலுவலகமாக அலைந்தால் யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது என்றே தெரியாமல் போகும். எந்தத் தேதியில் எந்த அலுவலகம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்பதை நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்.

இறந்தவரின் கைப்பேசியையும் சிம்மையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். குறைந்தது ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். குடும்ப அட்டை, பிள்ளையின் ஆதார், வங்கி, பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) என்று பலவும் அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கும். ஓ.டி.பி. அங்கேதான் வரும். ரீசார்ஜ் நின்று எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் பத்து நிமிட வேலைக்குப் பல நடை நடக்க வேண்டியிருக்கும்.

எந்த மாவட்டம் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூரில். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டையில். வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வட்டங்கள் மட்டுமே வேலூரில். பிள்ளை இனி எங்கே வசிக்கப் போகிறதோ அந்த மாவட்டத்தில்தான் விண்ணப்பம். பழக்கத்தில் ஆம்பூர்க்காரர்கள் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டு ஒரு நாள் கூலியை இழந்து திரும்புவதை இன்றும் பார்க்கிறோம்.

2. பதினாறாம் நாளுக்கு முன்: யார் வளர்ப்பது

நம் பக்கத்தில் இந்த முடிவு பெரும்பாலும் காரியத்துக்குக் கூடிய உறவுக்கூட்டத்தில், ஒரே மாலையில் எடுக்கப்படுகிறது. பெரியவன் மாமனுக்கு, சின்னது சித்திக்கு, நடுப்பெண் ஹாஸ்டலுக்கு என்று மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவருக்கே பாரமாக வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பெற்றோரை இழந்த வாரத்திலேயே உடன்பிறந்தவர்களையும் இழப்பது பிள்ளைகளுக்கு இரண்டாவது அடி. கூட்டத்துக்கு முன்பே மூத்தவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளைகள் ஒரே வீட்டில் இருக்கட்டும், மற்ற உறவினர் அந்த வீட்டுக்கு அரிசியும் பணமும் தரட்டும்.

வீட்டைத் தேர்ந்தெடுக்க நேரில் போய்ப் பாருங்கள். பகலில் போனால் பாதிதான் தெரியும், மாலை ஏழு மணிக்குப் போங்கள். பிள்ளை எங்கே படுக்கும், கூட யார் படுப்பார்கள், வீட்டில் குடிப்பவர் உண்டா, கழிப்பறை உண்டா, பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்து யார் என்று கேளுங்கள். வளர்ப்பவருக்கு அறுபது வயதுக்கு மேல் என்றால் அந்த அடுத்த ஆளின் பெயரையும் இப்போதே முடிவுசெய்து நோட்டில் எழுதுங்கள்.

பிள்ளையையும் தனியாகக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் யார் வீட்டில் பயமில்லாமல் இருக்கும் என்று தெரியும். ஒரு வீட்டின் பெயரைச் சொன்னதும் பிள்ளை பேச்சை நிறுத்தினால் அந்த வீடு வேண்டாம்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிப் பிள்ளையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அது தத்து ஆகாது. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை தாத்தா பாட்டிக்குத் தானாக வருவதில்லை. முறைப்படி இல்லாமல் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பணம் கைமாறியிருந்தால் அது குழந்தை விற்பனை.

3. காகிதத்துக்காகப் பள்ளியை நிறுத்தாதீர்கள்

எல்லாச் சான்றும் வந்த பிறகு பள்ளியில் சேர்க்கலாம் என்று காத்திருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு மாதம் வீட்டில் இருந்த பிள்ளை மறுபடி வகுப்பில் உட்காரத் தயங்கும். அதற்குள் பீடி சுற்றவோ தோல் பட்டறைக்கோ கை பழகிவிடும்.

6 முதல் 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டியது பள்ளியின் கடமை. பழைய பள்ளியின் பெயரும் பிள்ளையின் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித்துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) தெரிந்தால் மாற்றுவது எளிது. எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் மாமாவோ தாத்தாவோ தன் பெயரை எழுதுவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். "அப்பா இல்லைன்னு தெரியக் கூடாது" என்ற பாசத்தில் செய்வது. பின்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்தப் பெயரே ஏறும். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, இழப்பீடு, நிலம் எதிலும் பிள்ளை தன் பெற்றோரின் பிள்ளை என்று காட்ட முடியாது. பெற்றோர் பெயர்களை உள்ளபடியே எழுதி, காலமானதைக் குறிப்பிட்டு, வளர்ப்பவர் பெயரைப் பாதுகாவலர் என்ற இடத்தில் மட்டும் எழுதுங்கள். ஏற்கனவே தவறாக ஏறியிருந்தால் பத்தாம் வகுப்புக்கான பெயர்ப்பட்டியல் போகும் முன் திருத்திவிட வேண்டும். அச்சான சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு.

பயிற்று மொழியையும் கவனியுங்கள். சித்தூர் பக்கம் தெலுங்கில் படித்த பிள்ளை காட்பாடியில் ஆயா வீட்டுக்கு வரலாம். பேரணாம்பட்டில் உருது வழியில் படித்த பிள்ளை வேலூருக்கு வரலாம். அறிவு குறைந்ததுபோல் தெரிவது மொழி மாறியதால்தான். முதல் ஆறு மாதம் தமிழ் எழுத்துக்குத் தனியாக ஒருவர் உட்கார வேண்டும்.

4. ஆவணங்கள்: இந்த வரிசையில்தான்

ஒன்றை வைத்துத்தான் அடுத்தது வாங்க முடியும். நடுவில் இருந்து தொடங்கினால் திரும்ப முதலுக்கே வரவேண்டும்.

முதலில் இறப்புச் சான்று. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. அணைக்கட்டுக்காரர் வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் ஒரு மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு மாநகராட்சியில் இருக்கும். ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை. சித்தூரில் இறந்திருந்தால் ஆந்திரத்தில்தான் வாங்க வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஒரு வருடம் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு தேவைப்படும். பெயர் எழுத்துகள் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

இரண்டாவது, பிள்ளையின் பிறப்புச் சான்று. அதுவும் பிறந்த இடத்தில்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்குச் சொந்த ஊரில் பதிவு தேடாதீர்கள். பல சான்றுகளில் பிள்ளையின் பெயரே இருக்காது, பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும். பிள்ளை பெயரைச் சேர்த்த பிறகே அடுத்த படி.

மூன்றாவது, ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் உதவித்தொகை வரும் நேரத்தில் வங்கி இணைப்பில் சிக்கல் வரும்.

நான்காவது, குடும்ப அட்டை. பெற்றோர் அட்டையிலிருந்து பிள்ளையை நீக்கி, வளர்ப்பவர் அட்டையில் சேர்க்க வேண்டும். "ரேஷன் பெயர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை இந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அலுவலகங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு வாரிசுச் சான்று, சாதிச் சான்று, வளர்ப்பவரின் வருமானச் சான்று. மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையின் பெயர் விடுபடுவது உண்டு. சாதிச் சான்றுக்குப் பெற்றோரின் பழைய சான்று, அது இல்லாவிட்டால் அவர்களின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தேடுங்கள். ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சான்று தருபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும், முன்பே தொடங்குங்கள்.

கடைசியாக வங்கிக் கணக்கு, பிள்ளையின் பெயரில், பாதுகாவலரோடு. ஆதாரைக் கணக்கோடு இணைத்த பிறகு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கும் அந்தக் கணக்கே பதிவாகியிருக்கிறதா என்று வங்கியில் தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

5. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக்குழுவும்

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர் அதிகம். பாதுகாப்பு அலகு என்பது அலுவலகம். விண்ணப்பம் வாங்குவதும் வீட்டுக்கு வந்து விசாரிப்பதும் அவர்கள் வேலை. நலக்குழு என்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட, உத்தரவு போடும் அமைப்பு.

பிள்ளை உறவினரிடம் நலமாக இருக்கிறது, பண உதவி மட்டும் போதும் என்றால் பாதுகாப்பு அலகிடம் போங்கள். யாரும் இல்லாத பிள்ளை, உறவினருக்குள் சண்டை, அடி, வேலைக்கு அனுப்புதல், திருமணப் பேச்சு என்று எதுவானாலும் நலக்குழு. அழைத்துப் போக அதிகாரிதான் வரவேண்டும் என்பதில்லை. பொதுநலம் கருதும் யாரும் அழைத்துப் போகலாம், பிள்ளை தானாகவும் போகலாம். தனியாக விடப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 எப்போதும் எடுக்கப்படும் எண்.

வீட்டு விசாரணைக்கு வரும்போது பக்கத்து வீட்டுக் கட்டிலை இரவல் வாங்கிப் போடாதீர்கள். உள்ள வறுமை உள்ளபடி தெரிந்தால்தான் உதவிக்குக் காரணம் இருக்கும். பையன் விடுமுறையில் வேலைக்குப் போனதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னால் தெரிந்தால் முழு அறிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

6. உதவித்தொகை

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. குடும்ப வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். பெற்றோர் இருவரும் இறந்திருந்தால்தான் கிடைக்கும் என்று எண்ணி, கணவனை இழந்த தாய்மார்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். கைம்பெண்ணின் பிள்ளை, கணவனால் கைவிடப்பட்டவரின் பிள்ளை, உயிர்க்கொல்லி நோயால் அல்லது விபத்தால் முடங்கிய பெற்றோரின் பிள்ளை எல்லாரும் இதில் வருவார்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போவது நிபந்தனை. உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பு எடுத்தால் தலைமை ஆசிரியருக்கும் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது. ஏற்கனவே வேறு உதவி வருகிறது என்றால் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள்.

வருவாய் ஈட்டிய தாயோ தகப்பனோ விபத்தில் இறந்திருந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் வைப்புநிதி உண்டு. இது பள்ளி வழியாகத்தான் போகும். தலைமை ஆசிரியருக்குக் குடும்பநிலை தெரியாவிட்டால் இந்தப் பணமே வராது. பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருக்கும் தாயின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவி, வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. குடியாத்தம், பேரணாம்பட்டுத் தாய்மார்கள் அட்டையைத் தேடி எடுங்கள்.

எந்தத் தொகையும் மாதாமாதம் தேதி தவறாமல் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சில மாதத்துக்குச் சேர்த்து வரலாம். வந்ததும் அதிலிருந்து பிள்ளை பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 300, 500 போட்டு வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது சேர்க்கைப் பணத்துக்குக் கை ஏந்த வேண்டாம்.

உதவி செய்ய முன்வருபவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நோட்டுப் புத்தகம் கொடுக்கும் படத்தைப் பெயரோடு வெளியிடக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தை அந்தப் பிள்ளையின் வகுப்பே பார்க்கும்.

7. பெற்றோர் விட்டுச்சென்றதைத் தேடுங்கள்

நன்கொடைக்கு அலையும் முன் இதைச் செய்ய வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர் என்றால் பழைய சம்பளச் சீட்டில் பி.எஃப். எண் இருக்கும். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் மூன்று வகைப் பணம் உண்டு: சேமிப்புத் தொகை (படிவம் 20), அதிகபட்சம் 7 லட்சம் வரையிலான காப்பீடு (படிவம் 5ஐ.எஃப்.), ஓய்வூதியம் (படிவம் 10டி). பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு ஆதரவற்றோர் ஓய்வூதியம், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரை, 25 வயது வரை, குறைந்தது மாதம் 750 ரூபாய். சேமிப்புத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் ஏராளம்.

தாய் தகப்பன் அல்லாத உறவினர் பிள்ளைக்காகப் பெரிய தொகை வாங்கவோ, நிலத்தை விற்கவோ 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் நியமிக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பதாலேயே சொத்தின் மீது அதிகாரம் வந்துவிடாது. நலக்குழு உத்தரவாலும் வராது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. பட்டாவில் பிள்ளைகளின் பெயர் ஏறும் வரை விடாதீர்கள்.

8. வகுப்பறையில் முதல் வருடம்

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி வைக்காதீர்கள். பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். உண்மை வெளியில் யார் வாயிலிருந்தோ வந்த நாளில் வீட்டில் எல்லார் மீதும் நம்பிக்கை போய்விடும். வயதுக்கேற்ற எளிய சொற்களில், வளர்க்கப் போகிறவரே சொல்ல வேண்டும்.

மதிப்பெண் குறையும், படுக்கையில் சிறுநீர் போகலாம், சின்னச் சண்டைக்குக் கை நீளலாம். இவை சில மாதத்தில் தணியும். அதற்காக அடித்தால் தணியாது. சாப்பிட மறுப்பது, தன்னைத் தானே காயப்படுத்துவது, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் விவரம் சொல்லுங்கள். அன்னையர் தினக் கட்டுரை, "பெற்றோரை அழைத்து வா" போன்ற இடங்களில் அவர் பார்த்துக்கொள்வார்.

நன்கொடையாளர் ஒருவர் இரக்கப்பட்டு ஆறாம் வகுப்பில் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்ற முன்வந்தால் அவசரப்படாதீர்கள். இரண்டு வருடத்தில் உதவி நின்றால் பிள்ளை நடுவில் நிற்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் படிப்பையே முதலில் பார்க்கின்றன. அந்த நன்கொடையை மாலை டியூஷனுக்கும் பேருந்தில்லா ஊருக்கு மிதிவண்டிக்கும் திருப்பிவிடுங்கள்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு எழுத வையுங்கள். வென்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

9. போய்ப் பார்ப்பது

முதல் மாதம் வாரம் ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும். சொல்லாமலும் போங்கள். பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பிள்ளையும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களா, யார் தண்ணீர் தூக்குகிறார்கள், வருகைப் பதிவு எப்படி என்று பாருங்கள்.

பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். "காலாகாலத்துல மாமனுக்கே கட்டிக் கொடுத்துட்டா பாரம் குறையும்" என்ற பேச்சு வீட்டில் தொடங்குவது அப்போதுதான். 18 வயதுக்குள் திருமணம் சட்டப்படி குற்றம் என்பதை வளர்ப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நிச்சயம் நடந்த பிறகு சொன்னால் மானப் பிரச்சினையாகிவிடும். பேச்சு நிற்காவிட்டால் 1098. பாலியல் துன்புறுத்தல் என்று அறிந்தால் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வேலை இல்லை. காவல் துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் சட்டக் கடமை.

வளர்ப்பவரையும் கேளுங்கள். எழுபது வயது ஆயா மூன்று பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார். அவருக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறதா, சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதில் அடக்கம்.

10. உறவில் யாருமே இல்லாதபோது

நலக்குழு வழியாக வளர்ப்புப் பராமரிப்பு உண்டு. உறவல்லாத ஒரு குடும்பம், சரிபார்க்கப்பட்டு, குழு உத்தரவின்படி பிள்ளையை வளர்ப்பது. இல்லம்தான் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்றதா என்று பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். நலக்குழு உத்தரவு இல்லாமல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் விடாதீர்கள். உறவினர் விடுமுறைக்கு அழைத்துப் போகலாம் என்பதை உத்தரவிலேயே எழுதக் கேளுங்கள்.

இல்லத்தில் வளர்ந்து 18 முடிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி, அதாவது வெளியே வந்த பிறகும் தொடரும் உதவி, இருக்கிறது. பதினேழரை வயதிலேயே விண்ணப்பம் பற்றிப் பாதுகாப்பு அலகில் பேசத் தொடங்குங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் மே, ஜூனில் முடிந்துவிடும். அதற்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் ஃபைலில் இருக்க வேண்டும்.